மன்னாரா, மன்னார்குடியா, கப்பலில் வரும் வாயுவா?

மேல்மாடி அன்ரி போன மாதம் லிஃப்டில் வைத்துக் கேட்டார்: "தம்பி, மன்னார்குடியில கேஸ் எடுக்கப் போகினமாம். இனியாவது சிலிண்டர் விலை குறையும் தானே?"

அவர் சொல்ல வந்தது மன்னார். வாய் தவறித் தமிழ்நாட்டு மன்னார்குடியின் பெயர் வந்துவிட்டது. வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. என் தாத்தா மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து கொழும்புக்கு வந்து, புறக்கோட்டைப் புடவைக்கடையொன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அந்தக் கிராமத்து வயலுக்கு அடியில் நிலக்கரி இருக்கிறது, அதில் மீத்தேன் வாயு இருக்கிறது, அதை எடுப்போம் என்று ஒரு கம்பனி வந்ததும், ஊரே திரண்டு அதை நிறுத்தியதும் எங்கள் வீட்டுக் கதையும்தான்.

அன்ரியின் கேள்விக்குள் மூன்று வாயுக்கள் கலந்து கிடந்தன. சமையலறைச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்பி வாயு. மசகு (கச்சா) எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும் வாயு வயல்களிலும் கிடைப்பது. காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையில் தேங்கும். மன்னார்க் கடலடியில் இருப்பது இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட இலேசானது. மன்னார்குடியில் இருப்பதும் மீத்தேன்தான். ஆனால் அது நிலக்கரிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மன்னாரில் வாயு எடுத்தாலும் மறுநாள் நம் சிலிண்டர் விலை குறையாது. அது முதலில் போவது மின்நிலையத்துக்கு.

ஆகவே உண்மையான கேள்வி மின்சாரத்தைப் பற்றியது. இலங்கை மின்சாரத்துக்காக இயற்கை எரிவாயுவைக் கொண்டுவர வேண்டுமா, வேண்டுமென்றால் எங்கிருந்து? கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் எல்என்ஜியை, அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவை, நம்பிக் கட்டிய 350 மெகாவோட் சோபாதனவி மின்நிலையம், 2024 ஓகஸ்டில் டீசலில்தான் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் இருக்கும் 300 மெகாவோட் யுகதனவியும் எண்ணெயில் ஓடிவந்ததுதான். அடுப்பைக் கட்டிவிட்டு விறகைத் தேடுகிறோம். 2021 செப்டெம்பரில் ஓர் அமெரிக்கக் கம்பனியோடு கையெழுத்தான எல்என்ஜி ஒப்பந்தம் பெரும் சர்ச்சையாகி, நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஒரு கப்பலும் வராமல் முடிந்தது. அடுத்த ஒப்பந்தம் வரும் முன் எந்த வாயு, எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று நாம் கதைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலக்கரிப் படுகை வாயுவிலிருந்து தொடங்குகிறேன். இலங்கையில் அது இல்லை. தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய படிகப் பாறை. சதுப்புக் காடுகள் புதைந்து நிலக்கரியாகும் வாய்ப்பு அந்தப் பாறைக்குக் கிடைக்கவில்லை. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலவில் முற்றா நிலக்கரி கொஞ்சம் உண்டு. சதுப்பில் இரவில் எரிந்து மறையும் நீல வெளிச்சத்தைக் கண்டு கொள்ளிவாய்ப் பேய் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இந்த மீத்தேனைத்தான் என்பார்கள். பேய் காட்ட அது போதும், மின்நிலையம் ஓட்டப் போதாது. பிறகு ஏன் அதிலிருந்து தொடங்குகிறேன்? நாம் எல்என்ஜி வாங்கப் போனால், கப்பலில் வருவது அவுஸ்திரேலியாவின் நிலக்கரிப் படுகையிலிருந்து எடுத்த வாயுவாகவே இருக்கலாம். தவிர, நிலத்துக்கடியில் இருக்கும் ஒன்றை எடுப்பதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை இந்த வாயுவைப்போல் வெளிப்படையாகக் காட்டுவது வேறொன்றுமில்லை.

சாதாரண வாயு வயலில், நுண்துளைகள் உள்ள மணற்கல்லில் வாயு அடைபட்டிருக்கும். மேலே மூடிபோல ஓர் இறுக்கமான பாறை. துளைத்தால் சொந்த அழுத்தத்திலேயே மேலே வரும். நிலக்கரியில் நடப்பது வேறு. நிலக்கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்குழிகள். ஒரு கிராம் நிலக்கரியின் உட்பரப்பு எல்லாவற்றையும் விரித்தால் 100 சதுர மீற்றருக்கு மேல் வரும், வெள்ளவத்தையில் மூன்று அறை ஃபிளட் ஒன்றின் பரப்பு. மீத்தேன் அந்தப் பரப்பெங்கும் படிந்திருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தம். நிலக்கரியின் இயல்பான வெடிப்புகள் எல்லாம் நீரால் நிரம்பியிருக்கும். அந்த நீரை இறைத்தால் அழுத்தம் குறையும், வாயு பரப்பை விட்டுக் கழன்று வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு வரும்.

ஆகவே இங்கே முதல் விளைச்சல் தண்ணீர். தொடக்க மாதங்களில் கிணறு கக்குவது பெரும்பாலும் நீர், கொஞ்சம் வாயு. நீர் குறையக் குறைய வாயு ஏறும், உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். ஒரு கிணற்றில் வருவது கொஞ்சம்தான், எனவே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் துளைக்க வேண்டும். சில நூறு மீற்றருக்கு ஒரு கிணறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை, ஒரு குழாய், ஒரு பம்பு.

இந்த வாயுவின் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையல்ல. சுரங்கத் தொழிலாளிகளுக்கு மீத்தேன் என்றால் சாவு. 1965 மே மாதம் தன்பாத்துக்குப் பக்கத்தில் டோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் இறந்தார்கள். நிலக்கரியை வெட்டும் முன்பே வாயுவை இழுத்துவிட்டால் உயிர் பிழைக்கும் என்றுதான் அமெரிக்காவின் அலபாமாவில் 1970களில் இந்த வேலையைப் பெரிதாகத் தொடங்கினார்கள். காற்றில் விட்டுக்கொண்டிருந்ததைக் குழாயில் பிடித்தால் விற்கவும் முடியும் என்று தெரிந்தது. 1980இல் வந்த வரிச்சலுகை தொழிலைத் தூக்கி நிறுத்தியது. நியூ மெக்சிக்கோ, கொலராடோ, வயோமிங் என்று பரவி, 2008இல் உச்சத்தைத் தொட்டது. கிடைக்கும் வாயுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீத்தேன் இருக்கும், கந்தகம் மிகக் குறைவு, அதிகம் சுத்திகரிக்கத் தேவையில்லை. கிணறுகளும் ஆழமில்லை, பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்குள். எரித்து மின்சாரம் எடுத்தால் நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியின் பாதியளவு கரியமில வாயுதான் புகைபோக்கியில் போகும். உள்ளூர் நிலக்கரி உள்ள நாட்டுக்கு இது சிறிய வரமல்ல.

ஆனால் அமெரிக்காவிலேயே 2008க்குப் பிறகு இந்த உற்பத்தி சரிந்து பத்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதியானது. ஷேல் பாறை வாயு மலிவாக வந்தது, கிணறுகளும் வற்றின. வயோமிங்கில் கம்பனிகள் நொடித்துப்போய் ஆயிரக்கணக்கான கிணறுகளை அப்படியே விட்டுப் போக, அடைக்கும் செலவு மாநிலத்தின் தலையில் விழுந்தது. அங்கே வெளியேற்றிய நீரில் கடலளவு உப்பில்லை, மாடுகள் குடித்தன. ஆனால் சோடியம் மிகுந்த அந்த நீர் களிமண் வயலில் பாய்ந்தால் மண் இறுகி நீரை உள்ளே விடாது. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருந்த மொண்டானா விவசாயிகள் எழுப்பிய எதிர்ப்பு அதனால்தான்.

இந்தியா 1997இல் கொள்கை வகுத்து, 2001 முதல் வயல்களைக் கொடுத்தது. மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் 2007இல் முதல் வணிக உற்பத்தி. மத்தியப் பிரதேசத்தின் சோகாக்பூரில் 2017இல் இன்னொன்று. உலகின் பெரிய நிலக்கரி இருப்புகளில் ஒன்றை வைத்திருக்கும் நாடு இத்தனை ஆண்டில் பெற்றது தன் வாயு உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். நிலம் கிடைக்காத தாமதம், குழாய்வழி இல்லாமை, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விளைச்சல் என்று காரணங்கள் பல.

மன்னார்குடி அந்த வரிசையில் வந்தது. 2010இல் ஒப்பந்தம், தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீற்றர். 2013 ஜூலையில் தமிழக அரசு வேலையை நிறுத்தி வல்லுநர் குழு அமைத்தது. அந்த டிசம்பர் 30ஆம் திகதி, இதே எதிர்ப்புப் பரப்புரையில் இருந்தபோது பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் காலமானார். 2015இல் திட்டத்துக்குத் தடை. 2020இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. (நெடுவாசல் போராட்டத்தையும் பலர் மீத்தேன் போராட்டம் என்கிறார்கள். அங்கே திட்டமிட்டது சாதாரண எண்ணெய், வாயுக் கிணறு, நிலக்கரி வாயு அல்ல.)

நம்மாழ்வார் போய் மூன்று வாரத்தில், 2014 தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை, நான் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா வயலுக்குக் கூட்டிப்போனார். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. வரப்பில் பம்புசெட், ஒரு கருங்கல் தொட்டி, அதன் விளிம்பில் பாசி. மோட்டரைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னையும் குடிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: "பாறைக்குள்ள இருக்கற தண்ணிய எடுத்தாத்தான் கேஸ் வருமாம். எடுத்து எங்கடா ஊத்துவான்? அந்தப் பள்ளத்துக்கு மேல இருந்துதானே தண்ணி இறங்கும்? கடக்கரை இங்கேருந்து எவ்ளோ தூரம்?" தொட்டியில் விழும் தண்ணீரின் சத்தத்துக்கு மேல் சத்தமாகத்தான் பேசினார்.

பெரியப்பா எட்டாம் வகுப்பு. அவர் கேட்ட மூன்று கேள்விகள்தான் இந்தத் தொழிலின் மூன்று கேள்விகள். பொறியியலாளர்கள் சொல்லும் பதிலில் நியாயமுண்டு. நிலக்கரி நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்தில், குடிநீர் மேலே, நடுவே களிமண் அடுக்குகள். அடுக்கு இறுக்கமாக இருந்தால் மேலே உள்ள கிணறு வற்றாது. ஆனால் அடுக்கு எல்லா இடத்திலும் இறுக்கமா என்பது துளைத்துப் பல ஆண்டு போன பிறகே தெரியவரும். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், நிலத்தடி நீரைக் கவனிக்கும் அரச அமைப்பே நூற்றுக்கணக்கான விவசாயக் குழாய்க்கிணறுகள் நாளடைவில் பாதிக்கப்படும் என்று கணித்திருக்கிறது. அங்கே சட்டம் இருக்கிறது: பாதித்தால் கம்பனி கிணற்றை ஆழப்படுத்தித் தரவேண்டும், அல்லது வேறு நீர் தரவேண்டும். ஒரு விவசாயியிடம் நூற்றுக்கணக்கான ஏக்கர் இருக்கும், கிணற்றுக்குக் கிணறு தூரமிருக்கும், அந்த நாட்டில் இப்படியொரு சட்டத்தை நடைமுறைப்படுத்தலாம். காணிக்கு ஒரு பம்புசெட் உள்ள, கடலுப்பு உள்ளே வந்துகொண்டிருக்கும் டெல்டாவில் எந்தக் கிணறு யாரால் கெட்டது என்று யார் நிரூபிப்பது? மன்னார்குடித் திட்டத்தை நிறுத்தியது சரி என்று நான் நினைப்பது இதனால்தான். வாயு கெட்டது என்பதால் அல்ல.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிச் சுற்றுவட்டக் கிணறுகளுக்குப் போனபோது, வாளியில் மிதந்த எண்ணெய்ப் படலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அவர்கள் பவுசர் தண்ணீரையும் போத்தல் தண்ணீரையும் நம்பி எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி நமக்கு முன்னால் உள்ள வழிகள்.

கப்பல் எல்என்ஜி முதலில். மீத்தேனை மைனஸ் 162 பாகைக்குக் குளிரவைத்தால் திரவமாகி 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். கொழும்புக்கு வெளியே கடலில் ஒரு மிதக்கும் முனையம், அங்கிருந்து குழாயில் கெரவலப்பிட்டிக்கு. இதன் பெரிய நன்மை வேகம். எந்தக் கிணறும் துளைக்கத் தேவையில்லை, ஒப்பந்தம் முடிந்த இரண்டு மூன்று ஆண்டில் வாயு வரும். டீசலைவிடப் புகை சுத்தம், சாதாரண காலத்தில் செலவும் குறைவு.

என் கணக்கைச் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். 350 மெகாவோட் நிலையம் முக்கால்வாசி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் தொன் எல்என்ஜி வேண்டும். ஒரு பெரிய கப்பலில் 70,000 முதல் 80,000 தொன். ஆண்டுக்கு நான்கு கப்பல், அவ்வளவுதான். பத்து இலட்சம் பிரித்தானிய வெப்ப அலகுக்கு (MMBtu) 10 டொலர் என்றால் ஆண்டுச் செலவு 150 மில்லியன் டொலர் சுமார். ஆனால் அந்த 10 டொலர் நிலையாக நிற்பதில்லை. ஆசியச் சந்தையில் 2020 நடுப்பகுதியில் 2 டொலர் அளவுக்கு விழுந்தது, 2022 ஓகஸ்டில் 50 டொலரைத் தாண்டியது. 50 டொலரில் அதே நான்கு கப்பலுக்கு 750 மில்லியன். அந்த ஆண்டு பாகிஸ்தான் கேட்ட கேள்விப்பத்திரங்களுக்கு விற்பவர் யாரும் முன்வரவில்லை. பங்களாதேஷ் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி மின்வெட்டுக்குப் போனது. நாமோ அப்போது ஒரு டீசல் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லாமல் இருந்தோம்.

2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு. ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய், அதுவும் கிடைத்தால். எங்கள் ஒழுங்கையில் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பூட்டி வரிசையில் விட்டுவிட்டு ஆட்கள் வேலைக்குப் போனார்கள். அன்ரி தன் சிலிண்டரில் சிவப்பு நெயில் பொலிஷால் வீட்டு இலக்கம் எழுதியிருந்தார். அந்த இலக்கம் இன்றைக்கும் அதே சிலிண்டரில் இருக்கிறது, மாற்றிக் கொடுக்க மனம் வராமல் பல்கனியில் வைத்திருக்கிறார். இறக்குமதி வாயுவைப் பற்றி யார் எந்த அட்டவணையைக் காட்டினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சங்கிலிதான்.

அந்தக் கப்பல் எங்கிருந்து வரும்? கட்டார், அமெரிக்கா, அவுஸ்திரேலியா. குவீன்ஸ்லாந்தின் கிளாட்ஸ்டனுக்கு எதிரே கேர்ட்டிஸ் தீவில் மூன்று திட்டங்கள், ஆறு திரவமாக்கல் அலகுகள். நிலக்கரிப் படுகை வாயுவிலிருந்து செய்த உலகின் முதல் எல்என்ஜியை 2014 முடிவில் அங்கேதான் கப்பலில் ஏற்றத் தொடங்கினார்கள். முதலீடு 60 பில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல். மூன்றையும் ஒரே நேரத்தில் கட்டியதில் செலவு ஏறியது, ஒரு திட்டத்துக்குத் தன் கிணறுகள் போதாமல் வெளியே வாயு வாங்க வேண்டிவந்தது. உள்நாட்டு வாயுவின் விலை உயர்ந்து, ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 2017இல் அந்நாட்டு அரசே கையில் எடுத்தது. வாயு விற்கும் நாட்டு மக்களே வாயு விலைக்கு அழுதார்கள் என்றால், கடைசி வாடிக்கையாளனான நம் நிலை என்ன?

அங்கே இறைத்த உப்புநீரைச் சுத்திகரித்துப் பாசனத்துக்கும் கொடுக்கிறார்கள். அது நல்ல வேலை. மிச்சப்படும் உப்பு பல மில்லியன் தொன்னாகச் சேரும், அதை என்ன செய்வது என்பதற்கு இன்றுவரை திருப்தியான பதில் இல்லை. கொண்டமைன் ஆற்றில் வாயு குமிழியிடுவதை 2012இல் கண்டார்கள். 2016இல் ஓர் அரசியல்வாதி படகிலிருந்து நெருப்பு வைக்க ஆற்றுநீர் மேல் தீ எழுந்தது. இயற்கைக் கசிவா, கிணறுகளால் வந்ததா என்ற வாதம் தீரவில்லை. கெரவலப்பிட்டியின் நான்கு கப்பலும் அங்கிருந்து வந்தால், அதன் பின்னால் ஏறத்தாழ நூறு கிணறும், அவை இறைக்கும் நீரும், மிஞ்சும் உப்பும் இருக்கும். நம் கரண்ட் பில்லில் அந்த வரி வராது.

கசிவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது கப்பல் வாயு முழுவதையும் பாதிக்கிறது. மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். கிணற்றிலிருந்து மின்நிலையம் வரை நூற்றுக்கு மூன்று பங்களவு கசிந்தால், நிலக்கரியைவிட நல்லது என்ற வாதம் அந்த 20 ஆண்டுக் கணக்கில் செத்துப்போகிறது. குளிரவைப்பதற்கும் கப்பலுக்கும் போகும் எரிபொருள் தனி.

இரண்டாவது வழி மன்னார்க் கடல். இங்கே ஆசை பெரிது, பேச்சு இன்னும் பெரிது. 1970களிலேயே சோவியத் உதவியோடு பேசாலையில் துளைத்துப் பார்த்தார்கள். 2011இல் டொராடோ, பரகூடா என்ற இரண்டு கிணறுகளில் வாயு இருப்பது உறுதியானது. கடல் ஆழம் மட்டும் 1,300 மீற்றருக்கு மேல், அதற்குக் கீழே இன்னும் பாறை. கண்டுபிடித்த கம்பனி 2015இல் விலகிப் போய்விட்டது, இலாபம் வருமளவு இல்லை என்று. அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் மன்னார் வாயு நாட்டுக் கடனை அடைக்கும் என்ற பேச்சு வருகிறது. கண்டுபிடிக்கப்பட்டது வேறு, இலாபத்தோடு எடுக்கக்கூடியது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

நிலக்கரி வாயுவோடு ஒப்பிட்டால் மன்னாருக்கு ஒரு தெளிவான நன்மை உண்டு: சில கிணறுகள் போதும், நீரை இறைக்கத் தேவையில்லை, எவர் வயலும் வற்றாது. விலையும் உலகச் சந்தையோடு அவ்வளவு ஆடத் தேவையில்லை. ஆனால் ஆபத்து கடலில் இருக்கிறது. பேசாலை, வங்காலை, தலைமன்னார் மீனவரின் தொழிற்கடல் அது, மன்னார் வளைகுடா கடற்பசுவும் பவளமும் உள்ள கடல். இன்றைக்கு முடிவெடுத்தாலும் வாயு கரைக்கு வரப் பத்தாண்டு ஆகலாம். கெரவலப்பிட்டிக்குப் பத்தாண்டு பொறுமை இல்லை.

குப்பையிலிருந்து எடுக்கும் மின்சாரத்தை விரைவாகக் கடக்கிறேன். கெரவலப்பிட்டியில் 2021இல் தொடங்கிய குப்பை மின்நிலையம் 10 மெகாவோட். மீதொட்டமுல்ல குப்பைமேட்டில் நடந்தது போன்ற இன்னொரு சரிவு வராமல் தடுக்க அது வேண்டும். மின்சாரக் கணக்கில் அது சிறிது.

மூன்றாவது, வாயுவே இல்லாமல் வெயில், காற்று, நீர். மன்னாரில் 30 காற்றாலைகள் 100 மெகாவோட்டுக்கு மேல் தருகின்றன. 2016இல் நிலக்கரி நிலையத்தைக் கைவிட்ட சம்பூரில் இப்போது 120 மெகாவோட் சூரியத் திட்டம். கூரைகள் எங்கும் தகடுகள். எரிபொருளுக்கு டொலர் போகாது. இதுவே நம் அடித்தளம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிக்கல் நேரத்தில். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு கோளாறு, குரங்கு என்றார் அமைச்சர், நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலையின் மூன்று அலகும் நின்றுபோய், திரும்ப ஓடச் சில நாள் பிடித்தது, அதற்கிடையில் மின்வெட்டு. தேவை குறைந்த ஞாயிறு மதியம் வெயில் மின்சாரம் நிறைய இருக்கும்போது வலையமைப்பின் தாங்குசக்தி எவ்வளவு குறைகிறது என்பதை அன்று பார்த்தோம். வாயுச் சுழலி சில நிமிடங்களில் எழும்பும், வெயில் மறையும்போது நிரப்பும். வாயுவுக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுதான், இதை மறுக்க எனக்கு மனமில்லை. அதே வேலையை மின்கலமும் செய்யும், மலையேற்றி வைத்த நீரும் செய்யும். மகா ஓயாவில் 600 மெகாவோட் நீரேற்றுச் சேமிப்புத் திட்டம் ஆண்டுக்கணக்கில் பேச்சில் இருக்கிறது. மன்னார்த் தீவு மக்கள் காற்றாலைகளை எதிர்ப்பதிலும் கேட்க வேண்டியது உண்டு: வெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது, பறவைகள் வரும் பாதை அது. டெல்டா விவசாயி சொன்னால் போராட்டம், மன்னார் மீனவர் சொன்னால் வளர்ச்சிக்குத் தடை என்று இரண்டு அளவுகோல் வைத்திருப்பது நியாயமில்லை.

எல்லாம் பார்த்தபின் நான் நிற்கும் இடம் இது. காசு முதலில் போக வேண்டியது சேமிப்புக்கும் கம்பி வலையமைப்புக்கும். எல்என்ஜி வேண்டுமென்றால் சிறிய அளவில், வாடகை மிதவையில், ஐந்தாறு ஆண்டுக்கு. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டு என்ற நிபந்தனையோடு 20 ஆண்டு ஒப்பந்தம் கூடவே கூடாது, வெயில் மின்சாரம் கூடக் கூட நாம் எரிக்கும் வாயு குறையும், கட்டும் பணம் குறையாது. மன்னாரில் தேடட்டும், முதலிடுபவரின் சொந்தக் காசில், மீனவரை முதல் நாளே மேசைக்குக் கூப்பிட்டு. அந்த வருமானத்தை மட்டும் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் முன்கூட்டி எழுத வேண்டாம்.

கப்பல் வாயு ஒப்பந்தத்தில் இரண்டு வரி இருக்க வேண்டும் என்று கேட்பேன். வாயு எந்தப் படுகையிலிருந்து வருகிறது, கசிவை அளந்த கணக்கு எங்கே. ஐரோப்பிய ஒன்றியம் தன் மீத்தேன் சட்டத்தின்படி இறக்குமதியாளரிடம் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டது, நாம் கேட்பது புதுமையல்ல. நிலக்கரிப் படுகை வாயு என்றால் மூன்றாவது வரியும் வேண்டும்: இறைத்த நீர் எங்கே போனது, கிணறு முடிந்ததும் அடைக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறதா. நாலு கப்பல் வாங்கும் நாட்டுக்கு இப்படிப் பேரம்பேசும் பலம் உண்டா என்று கேட்கலாம். தனியே இல்லைதான். பங்களாதேஷும் பாகிஸ்தானும் இந்தியாவும் சேர்ந்து கேட்டால் உண்டு.

இதையெல்லாம் லிஃப்டில் சொல்ல நேரமில்லை. போன ஞாயிறு தேத்தண்ணிக்குப் போனபோது அன்ரியிடம் சொன்னேன், சிலிண்டர் விலை இதனால் குறையாது என்பதையும் சேர்த்து. கேட்டுவிட்டு, "அப்ப உங்கட பெரியப்பாட கிணத்தில இப்ப தண்ணி இருக்கோ?" என்றார். இருக்கிறது என்றேன். பெரியப்பா இப்போது இல்லை. தொட்டியை அண்ணன் போன கோடையில் சிமெந்து பூசித் திருத்தினான், தண்ணீர் விழும் படமொன்றை அனுப்பியிருந்தான். அன்ரி ஃபோனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.